மாண்டிசோரி பள்ளியா, எதிர்வீட்டு பால்வாடியா? மூன்று வயது மகளுக்கு யோசனை சொல்லுங்கள்

பாசிக்கரை (ஞாயிறு இரவு 9.12)

வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. மகளுக்கு ஆனி வந்தால் மூன்று வயது முடிகிறது. வீட்டுக்கு எதிரிலேயே பால்வாடி. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். ராமநாதபுரம் டவுனில் மாண்டிசோரி (பிள்ளை தானே சாமான்களை எடுத்துச் செய்து கற்கும் முறை) என்று பலகை போட்ட பள்ளி ஒன்று இருக்கிறது. வேன் வாசலுக்கு வரும், ஆனால் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம்.

வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கையில் காசு இருக்காது. பள்ளிக்கூடங்கள் அட்மிஷன் பணம் கேட்பதும் சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான். இந்தப் பள்ளியில் [தொகை நீக்கப்பட்டது] கேட்கிறார்கள்.

யூடியூபில் பார்த்து வீட்டிலேயே ஒன்று செய்தேன். இரண்டு சின்னச் செம்பு, ஒன்றில் தண்ணீர், ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஊற்றச் சொன்னேன். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஊற்றினாள். எனக்கே ஆச்சரியம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "குடம் இத்தனை ரூபாய்னு வாங்குற தண்ணியில விளையாட்டா" என்று செம்பைப் பிடுங்கிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊர் நிலத்தடி நீர் வாயில் வைக்க ஆகாது.

என் கேள்வி இதுதான். மாண்டிசோரி பள்ளிகளில் வைத்திருக்கும் அந்த மரச்சாமான்கள் இருந்தால்தான் மாண்டிசோரியா? இங்கே இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா?

---

கீழக்கரை_வாப்பா (ஞாயிறு இரவு 10.40)

சகோதரி, பட்டவன் சொல்கிறேன். நான் கத்தாரில் இருக்கிறேன். மூத்த மகனை மாண்டிசோரி என்று பெயர் வைத்த ஒரு இடத்தில் சேர்த்தோம். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். சேர்க்கும் அன்று ஒரு அறையைக் காட்டினார்கள், சாமான்கள் பளபள என்று இருந்தன. விடுமுறைக்கு வந்தபோது மகனிடம், "அந்த ரோஸ் கலர் கட்டைகளை அடுக்குவியா" என்று கேட்டேன். "அது கண்ணாடி பீரோவுக்குள்ள இருக்கு வாப்பா, தொட்டா மிஸ் அடிப்பாங்க" என்றான். வருடம் முழுக்க அவன் செய்தது கோடு போட்ட நோட்டில் எழுத்து. நாலு வயதில் தினம் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். அவன் உம்மா கையைப் பிடித்து எழுத வைப்பாள், இவன் அழுவான், நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

---

உப்புத்தாள் (திங்கள் காலை 6.05)

தொண்டிதான் எனக்குச் சொந்த ஊர். மாண்டிசோரி பயிற்சி முடித்து மதுரையில் பத்து வருடம் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாப்பா சொன்னது. மாண்டிசோரி என்ற பெயர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. நாளைக்கே நீங்கள் வீட்டு வாசலில் பலகை மாட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மாள் 1929இல் தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் இன்றும் ஆசிரியர் பயிற்சி நடத்துகிறது. ஆனால் பெயரைப் போட்டுக்கொள்ள அதன் அனுமதி எல்லாம் தேவையில்லை. அதனால் பள்ளிக்கு நேரில் போங்கள், வகுப்பு நடக்கும் நேரத்தில், ஒரு மணி நேரமாவது உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

உள்ளே போனால் டீச்சரைப் பார்க்காதீர்கள், அலமாரியைப் பாருங்கள். உங்கள் மகள் உயரத்துக்கு, கதவில்லாமல், திறந்து இருக்க வேண்டும். ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஏன் ஒன்று என்றால், இன்னொரு பிள்ளை வைத்திருந்தால் இவள் காத்திருக்க வேண்டும், முடித்தவர் எடுத்த இடத்தில் வைத்தாக வேண்டும். 'பகிர்ந்துகொள்' என்று வாயால் சொல்லிக்கொடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். மூன்று, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா பாருங்கள். எல்.கே.ஜி. தனி, யு.கே.ஜி. தனி என்று பிரித்திருந்தால் பாதி போய்விட்டது. மணி அடித்து அரை மணிக்கு ஒரு பாடம் என்று மாற்றுகிறார்களா, இல்லை காலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் தொடர்ந்து விட்டுவிடுகிறார்களா என்றும் கவனியுங்கள். உங்கள் மகள் முக்கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றினாளே, மணி அடித்திருந்தால் பாதியிலேயே பிடுங்கியிருப்பார்கள். உங்கள் மாமியார் பரவாயில்லை.

இப்போது உங்கள் கேள்வி. தண்ணீர் ஊற்றுவது, பயறு அள்ளுவது, பித்தான் போடுவது, மேசை துடைப்பது, இவற்றுக்குப் பெயரே 'அன்றாட வாழ்க்கைப் பயிற்சி'. இதற்கு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். இரண்டரை, மூன்று வயதுக்கு இதுதான் முக்கால்வாசி. தண்ணீர் பிரச்சினை என்றால் சலித்த காய்ந்த மணலை ஊற்றட்டும். மணல் பழகின பிறகு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர், சிந்தினால் அவளே துடைக்க ஒரு துணி. கடைசியில் அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றச் சொல்லுங்கள், மாமியார் சமாதானம் ஆவார்.

ஆனால் 'இருப்பதை வைத்தே எல்லாம்' என்பதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். வாப்பா சொன்ன ரோஸ் கட்டைகள் மொத்தம் 10. சின்னது ஒரு சென்டிமீட்டர் கனசதுரம், பெரியது பத்து சென்டிமீட்டர். எல்லாம் ஒரே நிறம், ஒரே மரம், ஒரே வடிவம். மாறுவது அளவு ஒன்றுதான். பிள்ளையின் கண்ணும் கையும் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் பத்துச் சிப்பி பொறுக்கி 'பெரிசு சிறிசு' அடுக்கச் சொன்னால் நிறமும் மாறும், வரியும் மாறும், வடிவமும் மாறும். அது வேறு வகை வேலை. நல்ல வேலைதான், ஆனால் அதற்கு இது மாற்று இல்லை.

---

தேவிபட்டினம்_வாத்தியார் (திங்கள் காலை 11.30)

34 வருடம் அரசு தொடக்கப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். பெஞ்சை எடுத்துவிட்டுத் தரையில் பாய். சுவரில் பிள்ளைகள் எட்டும்படி கீழ்மட்டக் கரும்பலகை, மேலே கம்பிப் பந்தல், தட்டுத் தட்டாக அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி. பிள்ளை தானே போய் தன் அட்டையை எடுத்துவரும். முதல் வருடம் எனக்கே சின்னப் பிள்ளை போல உற்சாகம். இரண்டாம் வருடம் அட்டைகள் கிழிந்தன, புதுசு வரவில்லை. மூன்றாம் வருடம் ஒரு தலைமையாசிரியர், அட்டை தொலைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். யார் அந்தத் தலைமையாசிரியர் என்று கேட்காதீர்கள், எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

இன்னொன்று. மாண்டிசோரி பற்றி எழுதுகிறவர்கள் மணலில் விரலால் எழுதுவதை ஏதோ இத்தாலியில் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறார்கள். என் அப்பா திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி அதில்தான் அகரம் எழுதினார். எண்ணப் படித்தது பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் வைத்து. பணம் கொடுத்து இதை வாங்க வேண்டுமா?

---

உப்புத்தாள் (திங்கள் மதியம் 2.15)

ஐயா, பூட்டியதை ஒப்புக்கொண்டீர்களே, அதற்கே ஒரு வணக்கம்.

மணல் எழுத்து நம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் திண்ணையில் அந்த மணல் அண்ணாவியின் (திண்ணைப் பள்ளி வாத்தியாரின்) பிரம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அப்புறம், என் பெயரில் இருக்கும் உப்புத்தாள் எழுத்தும் மணல் எழுத்தும் ஒன்றல்ல. பலகையில் 'ட' வடிவத்துக்கு உப்புத்தாள் வெட்டி ஒட்டியிருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அதன்மேல் பிள்ளை தடவும். விரல் வழி தவறினால் வழவழப்புத் தட்டும், தவறியது தனக்கே தெரியும், நான் 'தப்பு' என்று சொல்ல வேண்டிய வேலை இல்லை. தடவும்போதே ஒலியைச் சொல்லும். இது கைக்குப் படிந்த பிறகு மணல் தட்டு. அங்கே வழிகாட்டக் கோடு இல்லை, நினைவிலிருந்து எழுத வேண்டும். முதலிலேயே மணல் என்றால் வழி தெரியாமல் கடலில் இறக்கிவிட்ட மாதிரி.

தமிழுக்கு 247 பலகை வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, அகரமேறிய மெய் 18, பிறகு கால், கொம்பு, இரட்டைக் கொம்பு போன்ற குறிகள் தனித்தனியாக. கு, கூ வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நான் ட, ப, ம மூன்றில் ஆரம்பிப்பேன். புள்ளி தெரிந்ததும் படம், பட்டம், மடம் என்று வார்த்தை வந்துவிடும். 'அ'வில் ஆரம்பித்தால் அந்தச் சுழியிலேயே பிள்ளை களைத்துவிடும்.

பணம் பற்றி. 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்ற கூலிக்காரர் குடியிருப்பில்தான் இது தொடங்கியது. அம்மா அப்பா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், மரியா மாண்டிசோரி என்ற டாக்டர் வந்தார். கரைவலை இழுக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் அவர்களும். 1939இல் அவர் நம் அடையாறுக்கே வந்து, ஓலைக் கொட்டகையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவில்தான். கொடைக்கானலிலும் சில காலம். இன்று வேன் கட்டணம் வைத்து விற்பது அந்த அம்மாளின் குற்றமில்லை.

---

மட்டுறுத்துநர்

பள்ளியின் பெயரும் கட்டணத் தொகையும் முதல் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் சொல்லாமல் தொடருங்கள்.

---

பருப்புசாதம் (திங்கள் இரவு 8.50)

நான் பால்வாடி டீச்சர். இந்த மாவட்டம்தான். யாரும் எங்களைக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

2019இல் அரசு 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது மாண்டிசோரி முறை என்றுதான் செய்தியில் வந்தது. என் மையம் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்குக் கொடுத்திருப்பது 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம், கொஞ்சம் கட்டைகள், படங்கள். 22 பிள்ளைகள், நான் ஒருத்தி, உதவியாளர் ஒருவர். காலையில் எடை, போனில் பதிவு, சத்துமாவு, தடுப்பூசிப் பட்டியல், கர்ப்பிணிகள். உப்புத்தாள் அக்கா சொல்லும் மூன்று மணி நேரம் எனக்கே கிடைப்பதில்லை, பிள்ளைகளுக்கு எங்கே?

ஆனால் ஒன்று செய்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்து வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, முட்டை உரிப்பது எல்லாம் பிள்ளைகள்தான். முட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டி, திருப்பி, அந்தச் சவ்வைப் பிடித்து இழுக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி முட்டை ஓட்டோடு போகும், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு எதிரில் மையம் என்றால் பாசிக்கரை அங்கே போய் டீச்சரிடம் பேசுங்கள். ஒரு அம்மா வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தால் எங்களுக்கு எவ்வளவு உதவி தெரியுமா?

---

இழைப்புளி (செவ்வாய் காலை 7.20)

சாயல்குடியில் தச்சுப் பட்டறை. உப்புத்தாள் அக்கா அளவு சொன்னதும் கை அரித்தது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று முதல் பத்து வரை கனசதுரம் பத்தும் சேர்த்து 3,025 கன சென்டிமீட்டர். மரம் என்று பார்த்தால் கொஞ்சம்தான், பட்டறையில் விழும் துண்டிலேயே செய்யலாம். பூவரசு நல்லது, சிலாம்பு எழாது. சிரமம் மரத்தில் இல்லை, அளவில். ஒரு மில்லி கூடினாலும் அடுக்கினால் தெரியும். ஒரு சென்டிமீட்டர் கட்டையை இழைக்கப் பிடிமானமே கிடைக்காது. ஒரு சென்டிமீட்டருக்கு நீளச் சட்டமாக இழைத்துவிட்டுக் கடைசியில் அறுக்க வேண்டும்.

இன்னொரு மாண்டிசோரி சாமான், குமிழ் வைத்த உருளைகள் குழியில் போடுவது இருக்கிறதே, ஒரு கட்டையில் பத்து உருளை, அது கடைசல் வேலை. நம் கடற்கரைக்கு ஒன்று சொல்கிறேன், வாடைக்காற்று காலத்தில் மரம் ஊறி உருளை குழியில் சிக்கிக்கொள்ளும். வெளியூரிலிருந்து வாங்கினாலும் இதே கதைதான். கொஞ்சம் தளர்வாகச் செய்யலாம், ஆனால் ரொம்பத் தளர்ந்தால் ஒன்றின் குழியில் இன்னொன்று போய்விடும் அல்லவா?

---

உப்புத்தாள் (செவ்வாய் காலை 9.00)

தம்பி, நீங்கள் கேட்டதுதான் அதன் உயிர். தப்பாகப் போட்டால் கடைசி உருளைக்குக் குழி பொருந்தாது, பிள்ளை திரும்பிப் பார்த்துத் தானே மாற்றும். நன்றாக உலர்ந்த மரம் எடுத்து, வார்னிஷ் இரண்டு கை கொடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த உருளைக்கு வித்தியாசம் அரை சென்டிமீட்டர் வைத்தால் அரை மில்லி தளர்வு தாங்கும்.

---

பாசிக்கரை (புதன் இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒன்று நடந்தது, சொல்லியே ஆக வேண்டும்.

மாமியார் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பார்கள். கரையில் கொட்டி மரிக்கொழுந்து என்கிற பாசியைத் தனியாக, கஞ்சிப்பாசியைத் தனியாகப் பிரிப்பார்கள். அப்பத்தா பக்கத்தில் மகள் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். கஞ்சிப்பாசி வழுக்கும், மரிக்கொழுந்து முடமுட என்று இருக்கும். கண்ணைக்கூட வைக்கவில்லை, விரலால் தடவித் தடவியே பிரிக்கிறாள். நான் மாண்டிசோரி பாணியில், "இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி" என்று இரண்டு பெயர் மட்டும் சொன்னேன். கொஞ்சம் கழித்து, "மரிக்கொழுந்தைக் கொடு" என்றேன், கொடுத்தாள். கடைசியில், "இது என்ன" என்றேன். "அப்பத்தா பாசி" என்றாள். சரி, பாதி மதிப்பெண்.

சிப்பி, சோழி எல்லாம் நிறைய இருக்கிறது. அதையும் தட்டில் வைத்துப் பிரிக்கக் கொடுக்கலாமா?

---

பருப்புசாதம் (புதன் இரவு 9.55)

சோழி வேண்டாம்! என் மையத்தில் ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கில் விட்டுக்கொண்டு, ஊறி உப்பி, ஆசுபத்திரியில் போய்த்தான் எடுத்தோம். மூன்று வயது தாண்டாத பிள்ளைக்கு, வாய்க்குள் முழுசாகப் போகிற எதையும் தனியாகக் கொடுக்காதீர்கள். வாத்தியார் ஐயா பல்லாங்குழிக்கும் இதுவே.

---

உப்புத்தாள் (வியாழன் காலை 6.30)

டீச்சர் சொன்னதுதான். கைக்கு அடங்குகிற பெரிய சிப்பிகள் போதும், ஓரம் உடைந்து கூராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு. உயிருள்ள சங்கு எதையும் பிள்ளை எடுக்க விடாதீர்கள், கூம்பு மாதிரி இருக்கும் சிலவற்றுக்கு விஷக் கொடுக்கு உண்டு. பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் வீட்டுக்கு வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் வரும்.

பாசி பிரித்ததைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். நான் மதுரையில் வழவழப்பு சொரசொரப்புக்குப் பலகை வாங்கிவைத்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

---

கீழக்கரை_வாப்பா (வியாழன் இரவு 11.10)

ஒரு சந்தேகம். சின்னவனுக்கு இங்கிருந்து அந்த ரோஸ் கட்டைகள் அனுப்பினேன். அவன் அடுக்கி, மேலே சின்னதை வைத்து, "ராக்கெட்" என்று சொல்லி உதைத்துவிடுகிறான். இணையத்தில் ஒரு அம்மா, அப்படிச் செய்தால் மெதுவாக எடுத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். இது என்ன கொடுமை? ராக்கெட் விட்டால் என்ன?

---

தேவிபட்டினம்_வாத்தியார் (வெள்ளி காலை 10.00)

அப்படிக் கேளுங்கள் பாய். இங்கே அறுந்த ரப்பர் செருப்பு கிடைத்தால் நம் பிள்ளைகள் அதில் குச்சி நட்டுப் படகாக்கிவிடுவார்கள். அதைப் பிடுங்குகிற பள்ளிக்கூடம் எனக்கு வேண்டாம்.

---

உப்புத்தாள் (வெள்ளி இரவு 7.45)

இதில் நான் ஐயா பக்கம். மாண்டிசோரி அம்மாள் பாவனை விளையாட்டுக்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை, நிஜ வேலையைக் கொடுத்தால் பிள்ளை அதையே விரும்பும் என்று நினைத்தார். பத்து வருடம் பார்த்ததில் எனக்கு அது முழுசாகச் சரியென்று படவில்லை. வகுப்பில் கட்டையை உதைத்தால் எடுத்து வைப்பேன், அடுத்த பிள்ளைக்கு அது வேண்டும். வீட்டில்? உதைக்கட்டும். ஆனால் செருப்புக்குப் படகாகும் உரிமை எப்போதும் உண்டு என்று எழுதிக் கொடுக்கிறேன்.

---

பாசிக்கரை (பதினொரு நாள் கழித்து, செவ்வாய் இரவு 9.05)

பள்ளிக்குப் போய்விட்டு வந்தேன். உட்கார விட்டார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல பள்ளிதான். அலமாரி திறந்திருந்தது. ஒரு பையன் மேசை துடைத்தான், சோப்பு, பஞ்சு, காய்ந்த துணி என்று வரிசையாக. துடைத்த மேசையை மறுபடி துடைத்தான், டீச்சர் பக்கத்திலேயே போகவில்லை. என் மகள் போய் அவன் எதிரில் நின்றாள், அவன் நிமிரவே இல்லை. கூட்டம் ஒரு அறையில் 40 பிள்ளைகள், அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். தினம் இரண்டரை மணி நேரம் வேனில் என்பது எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த வருடம் எதிர்வீட்டு பால்வாடிதான். டீச்சரிடம் பேசினேன், செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் போய் உட்காரப் போகிறேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார், முட்டை உரிக்க வருகிறேன் என்றதும் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் வலை ஓரக் கட்டைகளில் ஐந்து எடுத்து வழவழப்பாக இழைத்துத் தந்திருக்கிறார், உப்புத்தாள் ஒட்ட. ட, ப, ம வெட்டிவிட்டேன். ம கொஞ்சம் கோணல்.

இழைப்புளி அண்ணனுக்கு ஒரு கேள்வி. மையத்துக்கு வைக்க ஒரு திறந்த அலமாரி வேண்டும். எவ்வளவு ஆகும்?

---

இழைப்புளி (புதன் காலை 6.50)

கூலி அப்புறம் பேசிக்கொள்வோம் தங்கச்சி. உயரம் சொல்லுங்கள்.

---

பாசிக்கரை (புதன் காலை 7.15)

டேப் இல்லை அண்ணா. மேல் தட்டு என் மகள் நெஞ்சுக்கு வர வேண்டும். சாயங்காலம் அவளைச் சுவரில் நிறுத்தி நூல் பிடித்து அளந்து அனுப்புகிறேன். இப்போது அப்பத்தாவோடு கரைக்குப் போயிருக்கிறாள்.